வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக் கருவேலம்: களைக்கொல்லியை எங்கே, எப்போது வைக்க வேண்டும்?

சொந்த ஊரில் அப்பா பெயரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலம் கிடக்கும். பத்து வருஷமாக யாரும் உழவில்லை. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளே கால் வைக்க முடியாத அளவுக்குச் சீமைக் கருவேலம். ஆள் வைத்து வெட்டிவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். அடுத்த பொங்கலுக்குப் போனால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டுகள் நிற்கும். முன்பைவிட அடர்த்தியாக, முன்பைவிட முள்ளாக.

அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "கடையில மருந்து விக்குது. வாங்கி அடிச்சு விட்டா எல்லாம் கருகிடும்."

இங்கேதான் சிக்கல். களைக்கொல்லியை அடிப்பது வேறு, வைப்பது வேறு. புதர் முழுக்கத் தெளித்தால் பக்கத்து வயலும், கண்மாய்த் தண்ணீரும், தெளிப்பவரின் உடம்பும் சேர்ந்து பாதிக்கப்படும். மரம் மட்டும் தப்பிக்கக்கூடும். அதே மருந்தில் கொஞ்சத்தைச் சரியான இடத்தில், சரியான நிமிஷத்தில் தடவினால் வேரே செத்துப்போகும். அந்த இடம் எது, அந்த நிமிஷம் எது, சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

இந்த மரம் எங்கிருந்து வந்தது?

சீமைக் கருவேலத்தின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியன் தீவுகள். 1870-களின் கடைசியில் விறகுக்காக மதராஸ் மாகாணத்தின் கடப்பா பகுதியில் இதை நட்டார்கள். தண்ணீர் இல்லாத நிலத்திலும், உப்பு ஏறிய மண்ணிலும் வளரும் என்பதால் பிறகு வறண்ட மாவட்டங்களில் அடுப்பெரிக்கப் பரப்பப்பட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இன்றைக்கும் கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு.

ஆனால் விறகுக்கு வந்த மரம் வேலி தாண்டிவிட்டது. கண்மாய், ஓடை, தரிசு, மேய்ச்சல் நிலம் எல்லாம் அதன் வசம். இதை அகற்றச் சொல்லி 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுகள் போட்டது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு தனிக் கொள்கையை வெளியிட்டது.

வெட்டினால் ஏன் சாவதில்லை?

மரத்தின் உயிர் கிளையில் இல்லை, தூரில் இருக்கிறது. தண்டும் வேரும் சந்திக்கும் அந்தத் தூர்ப் பகுதியில், மண் மட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும், உறங்கும் மொட்டுகள் ஏராளம். மேலே தண்டு இருக்கும்வரை அவை சும்மா இருக்கும். தண்டை வெட்டியதும் விழித்துக்கொள்ளும். கீழே வேரில் சேர்த்துவைத்த உணவு அப்படியே இருப்பதால் புதுத் துளிர்கள் வேகமாக எழும்பும்.

ஆக, வெட்டுவது மட்டும் மரத்துக்கு ஒரு வகையில் கவாத்து செய்து விடுவதுதான்.

தீ வைத்தாலும் கதை இதுதான். மேலே கருகும், மண்ணுக்குள் இருக்கும் மொட்டு பிழைத்துக்கொள்ளும்.

அப்படின்னா ஜேசிபி வைத்துப் பிடுங்கலாமே?

தாராளமாக. சமதரையில், அடர்ந்த காட்டுக்கு அதுதான் வேகமான வழி. ஆனால் தூர் முழுசாக வெளியே வர வேண்டும். மேலே மட்டும் உடைத்துக்கொண்டு போனால் வாடகைக் காசு வீண். தவிர, இயந்திரம் மண்ணைப் புரட்டும்போது அடியில் கிடக்கும் பழைய விதைகள் வெளிச்சத்துக்கு வரும். அடுத்த மழையில் அவை எல்லாம் முளைக்கும். கண்மாய்க் கரை, வரப்பு, கிணற்றோரம், வீட்டுச் சுவர் ஓரம் போன்ற இடங்களில் ஜேசிபியை விட்டால் கரையே பெயர்ந்துவிடும்.

இயந்திரம் போக முடியாத இடத்தில், எண்ணிச் சொல்லக்கூடிய மரங்கள் நிற்கும்போது, குறிவைத்து மருந்து வைக்கும் முறை கைகொடுக்கும்.

குறிவைத்து வைப்பது என்றால்?

உலகம் முழுவதும் களை மரங்களுக்கு நான்கு முறைகள் பழக்கத்தில் இருக்கின்றன.

1. வெட்டிய தூரில் தடவுதல்: மரத்தை மண்ணை ஒட்டி, கிடைமட்டமாக வெட்டுவார்கள். மரத்தூளைத் துடைத்துவிட்டு, வெட்டிய பரப்பில் பிரஷ்ஷால் மருந்தைத் தடவுவார்கள். மருந்து படுவது தூரில் மட்டும். விறகை மருந்து வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவதால் அடுப்புக்கோ கரிமூட்டத்துக்கோ கொண்டுபோகலாம்.

2. துளையிட்டு ஊற்றுதல்: பெரிய மரத்தை உடனே வெட்ட முடியாதபோது, அடிமரத்தைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சாய்வாகத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் சில மில்லி மருந்து விடுவார்கள். அரிவாளால் சுற்றிலும் கொத்தி, அந்த வெட்டுகளில் விடுவதும் இதே வகைதான்.

3. அடிப்பட்டையில் பூசுதல்: மெல்லிய தண்டுள்ள செடிகளுக்கு, எண்ணெயில் கலந்த மருந்தை மண்ணிலிருந்து ஓர் அடி உயரம்வரை பட்டையைச் சுற்றிப் பூசுவார்கள். எண்ணெய் பட்டையை ஊடுருவி மருந்தை உள்ளே கொண்டுபோகும். பட்டை நனைந்திருந்தால் வேலை செய்யாது.

4. இலையில் துடைத்தல்: முளைத்து வரும் சிறு கன்றுகளுக்கு, தெளிக்காமல், மருந்தில் நனைத்த பஞ்சாலோ திரியாலோ இலையைத் துடைத்துவிடுவது. காற்றில் பறக்க ஒரு துளிகூட இருக்காது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த முறைகள் சர்வசாதாரணம். அங்கே சீமைக் கருவேலமும் அதன் சொந்தங்களும் பெரும் களை. சுவாரஸ்யம் என்னவென்றால், நம்ம ஊர் நாட்டுக் கருவேலமும் அங்கே களைதான்! நிழலுக்கும் தீவனத்துக்கும் 1890-களில் கொண்டுபோனார்கள். இன்றைக்கு 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் புல்வெளியில் பரவிக்கிடக்கிறது. நமக்குச் சீமைக் கருவேலம் எப்படியோ, அவர்களுக்கு நம் மரம் அப்படி.

அந்த 5 நிமிஷம் ஏன் முக்கியம்?

வெட்டிய தூரை மேலிருந்து பாருங்கள். நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் உயிரற்றது. உயிர் இருப்பது பட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய வளையத்தில். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதையும் அதையொட்டித்தான் இருக்கிறது. மருந்தும் அதே பாதையில் இறங்கினால்தான் வேரையும் மொட்டையும் போய்ச் சேரும்.

பெரிய தூராக இருந்தால் நடுவில் மருந்து ஊற்றுவது வெறும் செலவு. ஓரத்தில் ஒன்றிரண்டு அங்குல அகல வளையத்தை நனைத்தால் போதும்.

நேரமும் அப்படித்தான். வெட்டியதும் மரம் தன் காயத்தை மூடத் தொடங்கிவிடும். வெட்டுப் பரப்பும் காய ஆரம்பிக்கும். தண்ணீரில் கலக்கும் மருந்து என்றால் 5 நிமிஷத்துக்குள் தடவிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. காலையில் எல்லா மரத்தையும் வெட்டிப்போட்டு, சாப்பிட்டுவிட்டு மதியம் வந்து வரிசையாகத் தடவினால், மருந்தும் கூலியும் போனதுதான் மிச்சம். ஒருவர் வெட்ட, இன்னொருவர் பின்னாலேயே பிரஷ்ஷோடு வர வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். கடும் கோடையில் மரம் தன் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்து கீழே இறங்காது. மழை ஓய்ந்து, இலை பச்சையாக இருக்கும் காலம் நல்லது. ஆனால் மழை மேகம் கூடும் நாளில் வேண்டாம். தடவிய மருந்து கழுவிக்கொண்டு தண்ணீரில் கலக்கும்.

எந்த மருந்து? கடைக்காரர் கொடுப்பதை வாங்கலாமா?

கூடாது. களைக்கொல்லிகள் எல்லாம் ஒன்று அல்ல.

பாராகுவாட்: பட்ட இடத்தைக் கருக்கும் மருந்து. இரண்டு நாளில் இலை காய்ந்து "வேலை முடிஞ்சது" என்று தோன்றும். ஆனால் இது வேருக்கு இறங்காது, தூர் மறுபடி தழைக்கும். மனிதருக்கோ மிகக் கடுமையான நஞ்சு. இந்த வேலைக்கு இது தேவையே இல்லை.

2,4-டி: நெல் வயலில் அகன்ற இலைக் களைகளுக்குப் பழக்கமான மருந்து. பருத்தி, திராட்சை, தக்காளி ஆகியவை இதற்குக் கொஞ்சமும் தாங்காது. காற்றில் வரும் சிறு துளிக்கே இலை சுருண்டு, செடி உருக்குலைந்துவிடும். கரிசல் காட்டில் சுற்றிலும் பருத்தி நிற்கும்போது இதைத் தெளித்தால், உங்கள் முள்ளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் விலை கொடுப்பார்.

கிளைபோசேட்: இலை, தண்டு வழியாக உள்ளே போய் வேருக்கு இறங்கும். செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை முடக்கும். அந்த நொதி மனித உடம்பில் இல்லை. அதனால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளது' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. விவாதம் ஓயவில்லை. மருந்தோடு சேர்க்கும் சில சோப்பு போன்ற பொருள்கள் மீனுக்கும் தவளைக்கும் கேடு என்பதில் சந்தேகம் இல்லை.

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் ட்ரைக்ளோபிர், பிக்லோராம் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். பிக்லோராம் மண்ணில் நீண்ட காலம் தங்கும். பக்கத்தில் நிற்கும் வேம்பின் வேர்கூட அதை உறிஞ்சிவிடலாம். வீடியோ பார்த்து அதே பெயரைத் தேடி வாங்குவது, அடுத்தவர் மருந்துச் சீட்டில் மாத்திரை வாங்குவது மாதிரிதான்.

இன்னொன்று. தூரில் உப்புக் கொட்டுவது, ஆசிட் ஊற்றுவது, டீசல் ஊற்றுவது எல்லாம் ஊரில் நடக்கும். இவை மரத்தைவிட மண்ணைத்தான் கெடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

களைக்கொல்லியும் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. எந்த மருந்தை எந்த இடத்தில், எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பது பதிவின்போதே முடிவாகி லேபிளில் அச்சாகிறது. லேபிளில் இல்லாத பயன்பாட்டுக்கு யார் சொன்னாலும் அனுமதி இல்லை.

கிளைபோசேட்டுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுச் சேவை உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். நீங்களே ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவது அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. எனவே முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ போய், இன்றைய நிலவரத்தையும், தூரில் தடவ அனுமதி உள்ள மருந்து எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தையும் கவனியுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்பது நஞ்சு குறைவு என்று சொல்கிறது, நஞ்சு இல்லை என்று சொல்லவில்லை.

கண்மாய், ஓடை, புறம்போக்கு என்றால் மரமே உங்களுடையது அல்ல. அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது, மருந்து வைக்கவும் கூடாது.

மரத்தை முதலில் அடையாளம் பாருங்கள்

முள் இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம் இல்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய் மணிகளைக் கோத்தது மாதிரி இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர் மஞ்சளில் நீளமான கதிர். காய் பழுத்தால் மஞ்சளாக, தட்டையாக, இனிப்பாக இருக்கும்.

குழப்புவது வன்னி. அதுவும் நெருங்கிய சொந்தம்தான், பூவும் கதிராகத்தான் இருக்கும். ஆனால் சீமைக் கருவேலத்தின் முள் கணுக்களில், பெரும்பாலும் ஜோடியாக, நீளமாக இருக்கும். வன்னியின் முள் சிறியது, தண்டில் அங்கங்கே சிதறியிருக்கும். பல கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் மரத்தைத் தவறுதலாகச் சாகடித்துவிடக் கூடாது. வெட்டும் ஆளிடம் வாயால் சொல்வதைவிட, அகற்ற வேண்டிய மரங்களுக்கு முதல் நாளே சுண்ணாம்பு அடையாளம் வைத்துவிடுவது நல்லது.

மருந்தே இல்லாமல் குறிவைக்க முடியுமா?

முடியும். 'உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே கை வை' என்பதுதான் தத்துவம். மருந்து அதற்கு ஒரு கருவி மட்டுமே.

காடுகளில் பரவிய உண்ணிச்செடிக்கு டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழு உருவாக்கிய முறை இதற்கு நல்ல உதாரணம். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே முதன்மை வேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். மொட்டு உள்ள பகுதி மண்ணைத் தொடாததால் தழைக்காது. வயநாடு, நீலகிரிக் காடுகளில் பரவிய மஞ்சள் கொன்றைக்குப் பட்டையை உரித்து நிற்கவைத்தே பட்டுப்போகச் செய்யும் முறை இருக்கிறது. முதுமலையில் அகற்றிய மஞ்சள் கொன்றை காகிதக் கூழுக்கும் போகிறது.

சீமைக் கருவேலத்தின் சிறு கன்றுகளை மழை பெய்த மறுநாள் மண்வெட்டியால் தூரோடு எடுத்துவிடலாம். பத்து கன்றுக்கு மருந்து தேவையில்லை. தண்ணீர் நிற்கும் இடத்திலும், குடிநீர்க் கிணற்றோரத்திலும் இந்தக் கைவேலைதான் வழி.

வேலை செய்பவரின் உடம்பு

பிரஷ் பிடிக்கும் கை பெரும்பாலும் உங்களுடையது இல்லை. தினக்கூலிக்கு வரும் அண்ணனுடையது, அக்காவுடையது. பாதுகாப்பை அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

• ரசாயனம் ஊடுருவாத ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, முள் ஏறாத பூட்ஸ். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலிலேயே வைத்திருக்கும், அது வேண்டாம்.

• கலக்கும்போதுதான் மருந்து அடர்த்தியாக இருக்கும், ஆபத்தும் அதிகம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்க வேண்டும். கிளைபோசேட்டை நாக முலாம் பூசிய இரும்பு வாளியில் வைத்தால் எரியக்கூடிய வாயு உண்டாகும். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மருந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும்.

• குளிர்பான பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

• இடையில் பீடி, வெற்றிலை, சாப்பாடு எல்லாம் கை கழுவிய பிறகே. உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

• மருந்து தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உடம்புக்குள் போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-ஐ அழையுங்கள். டப்பாவைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு எந்த மருந்து என்று தெரியும்.

ஒரு தடவையில் முடியுமா?

முடியாது. இந்த மரத்தின் விதை மண்ணில் பல வருஷம் உறங்கும். ஆடும் மாடும் இனிப்புக் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஊரெல்லாம் போட்டுவிட்டு வரும். குடலைத் தாண்டி வரும் விதைகள் இன்னும் சுலபமாக முளைக்கும். பெரிய மரம் போனதும் வெயில் தரையில் விழும், காத்திருந்த விதைகள் எழும்பும்.

எனவே முதல் வருஷச் செலவில் பாதியை அடுத்த வருஷங்களுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். மழைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்து, தழைத்த தூரையும் முளைத்த கன்றையும் கவனிக்க வேண்டும். காலி நிலத்தைச் சும்மா விடாமல் சிறுதானியமோ, தீவனப் புல்லோ, வேம்பு, புங்கன் போன்ற நாட்டு மரமோ வைத்தால் முள்ளுக்கு இடம் குறையும்.

ஆள் அமர்த்துவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. உரிமம் இருக்கிறதா? எண்ணைக் காட்ட முடியுமா?

2. எந்த மருந்து? இந்த முறையும் இந்த மாதிரி நிலமும் லேபிளில் இருக்கிறதா?

3. தடவுவீர்களா, தெளிப்பீர்களா? தெளிப்பது என்றால் பக்கத்து வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்தீர்களா?

4. வெட்டுபவரும் தடவுபவரும் ஒன்றாக வருவார்களா?

5. அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி வந்து பார்ப்பீர்களா? அதற்குத் தனிக் கூலியா?

"ஒரே நாள்ல மொத்தமா அடிச்சு முடிச்சுடலாம் சார்" என்பதுதான் பதில் என்றால், அவர் சொல்வது இலையைப் பற்றி. வேர் அப்படியே இருக்கும்.